மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக் வாங்கும்போது காலிப்பரைக் கடைசியில் பாருங்கள்

சைக்கிளில் டிஸ்க் பிரேக் இருந்தும் பிடிப்பு போதவில்லை என்று குறைப்படுபவர்கள் நிறைய. லிவரை அழுத்தினால் பஞ்சை அழுத்துவது போல இருக்கிறது, பாதி தூரம் போன பிறகுதான் ஏதோ பிடிக்கிறது, பின் பிரேக் வேகத்தைக் குறைக்கிறதே தவிர வண்டியை நிறுத்துவதில்லை. உடனே சந்தேகம் காலிப்பரின் மேல், அதாவது தகட்டைக் கவ்வும் இடுக்கியின் மேல், விழுகிறது. நல்ல பெயருள்ள காலிப்பர் ஒன்றைத் தேடி வாங்கி மாட்டுகிறார்கள். மாட்டிய பிறகும் அதே பஞ்சு.

ஒயரால் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் விரலில் தொடங்கும் இழுப்பு லிவர், ஒயர், ஒயரின் உறை, காலிப்பரின் கரம், பேட், ரோட்டார் என்று வரிசையாகக் கடந்து போகிறது. இதில் எங்காவது ஒரு இடத்தில் இழுப்பு வீணானால் காலிப்பர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கு வந்து சேர்வது மிச்சம் மீதிதான். அதனால் தேர்வை லிவரில் தொடங்கி காலிப்பரில் முடிப்பதே சரியான வழி. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## பெயர்கள்

ரோட்டார் என்பது சக்கரத்தின் ஹப்பில் மாட்டிய, ஓட்டைகள் போட்ட மெல்லிய எஃகுத் தகடு. புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் 1.8 மி.மீ. தடிமன். காலிப்பர் என்பது ஃபோர்க்கிலோ ஃபிரேமிலோ பொருத்தப்பட்டு ரோட்டாரை இரண்டு பக்கமும் கவ்வும் இடுக்கி. அதற்குள் இருக்கும் உராய்வுக் கட்டைகள்தான் பேட்.

லிவரின் இழுப்பு காலிப்பருக்கு ஒயர் வழியாகப் போனால் அது மெக்கானிக்கல் டிஸ்க். குழாயில் அடைத்த எண்ணெய் வழியாகப் போனால் ஹைட்ராலிக். இரண்டிலும் ரோட்டாரும் பேடும் செய்யும் வேலை ஒன்றுதான். வேறுபாடு முழுக்க விரலுக்கும் பேடுக்கும் இடைப்பட்ட பாதையில் இருக்கிறது.

## ஏன் இந்தப் பாதை இவ்வளவு முக்கியம்

ரிம் பிரேக்கில் பிரேக் கட்டை சக்கரத்தின் விளிம்பையே பிடிக்கிறது. பெரிய சக்கரத்தில் அந்த இடம் அச்சிலிருந்து ஏறக்குறைய 310 மி.மீ. தூரத்தில் இருக்கும். 160 மி.மீ. ரோட்டாரில் பேட் பிடிக்கும் இடமோ அச்சிலிருந்து 70 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். கதவைக் கைப்பிடியில் தள்ளுவதற்கும் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. அதே அளவு நிறுத்தும் விசை வேண்டுமென்றால் ரோட்டாரில் நாலு மடங்குக்கும் மேலான உராய்வு விசை தேவை. அப்படியென்றால் பேட் ரோட்டாரை அந்த அளவுக்கு இறுக்கமாகக் கவ்வ வேண்டும்.

விரலின் பலம் கூடப்போவதில்லை. ஆகவே விசையைப் பெருக்கியாக வேண்டும். கடப்பாரையால் கல்லை நெம்பும்போது கை நிறைய தூரம் போகும், கல் கொஞ்சம்தான் நகரும், ஆனால் பலமாக நகரும். டிஸ்க் காலிப்பரும் அப்படித்தான். ஒயர் பல மில்லிமீட்டர் நகர்ந்தால் பேட் ஒரு மில்லிமீட்டர் போலத்தான் நகரும். அதனால்தான் டிஸ்க் பிரேக்கில் பேடுக்கும் ரோட்டாருக்கும் உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக வைக்கப்படுகிறது.

இதன் விளைவைக் கவனியுங்கள். ஒயரின் பாதையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இழுப்பு வீணானால் ரிம் பிரேக்கில் அது பெரிதாகத் தெரியாது. டிஸ்க்கிலோ லிவர் பயணத்தில் கணிசமான பங்கு அங்கேயே போய்விடும். பஞ்சு போன்ற உணர்வு பிறக்கும் இடம் இதுதான்.

## லிவரும் காலிப்பரும்: ஒயர் இழுப்பு அளவு

மெக்கானிக்கல் டிஸ்க் வாங்குவதில் அதிகம் பேர் தவறும் இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

எல்லா லிவரும் ஒரே நீளத்துக்கு ஒயரை இழுப்பதில்லை. இரண்டு பெரிய குடும்பங்கள் இருக்கின்றன.

1. குறை இழுப்பு லிவர். வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோட் சைக்கிள்களின் லிவர்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகை. கான்டிலிவர் பிரேக் (ரிம் பிரேக்கில் ஒரு பழைய வகை) காலத்து நேர் ஹேண்டில்பார் லிவர்களும் இதில் சேரும். ஒயரைக் கொஞ்ச தூரம்தான் இழுக்கும், ஆனால் பலமாக இழுக்கும்.

2. நெடு இழுப்பு லிவர். வி-பிரேக்குக்காக (நீண்ட கரங்கள் உள்ள ரிம் பிரேக்) வந்தவை. இன்றைய மலைச் சைக்கிள், ஹைபிரிட் சைக்கிள்களின் ஒயர் லிவர்கள் பெரும்பாலும் இவைதான். முதல் வகையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒயரை இழுக்கும், அதே விரல் பலத்துக்குப் பாதி விசையில்.

காலிப்பர்களும் அதே போல இரண்டு வகையாக வருகின்றன. அவிட் நிறுவனத்தின் பிபி7 காலிப்பரில் ரோட் என்றும் எம்டிஎன் (மவுண்டன், அதாவது மலைச் சைக்கிளுக்கானது) என்றும் இரண்டு உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும், ஆனால் முதலாவது குறை இழுப்புக்கு, இரண்டாவது நெடு இழுப்புக்கு. டிஆர்பி நிறுவனத்தின் ஸ்பையர் குறை இழுப்புக்கு, ஸ்பைக் நெடு இழுப்புக்கு. ஷிமானோவின் எம்375 நெடு இழுப்பு, சிஎக்ஸ்77 குறை இழுப்பு. பால் நிறுவனத்தின் கிளாம்பரில் இழுக்கும் கரத்தை மட்டும் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். பின்னாளில் ஹேண்டில்பாரை மாற்ற நினைப்பவர்களுக்கு அது பெரிய வசதி.

தப்பாகச் சேர்த்தால் என்ன ஆகும்?

குறை இழுப்பு லிவரை நெடு இழுப்பு காலிப்பரோடு சேர்த்தால், காலிப்பர் கேட்கும் அளவு ஒயரை லிவரால் தர முடியாது. பேட் பாதி தூரம்தான் நகரும், லிவர் ஹேண்டில்பாரை முட்டிவிடும். சிலர் இதைச் சமாளிக்க பேடை ரோட்டாரோடு கிட்டத்தட்ட ஒட்ட வைப்பார்கள். வாங்கிய அன்று நன்றாகவே பிடிக்கும், ஏனென்றால் விசைப் பெருக்கம் அதிகம். ஆனால் பேட் லேசாகத் தேய்ந்ததும் லிவர் மறுபடி முட்டத் தொடங்கும். ஒரு நீண்ட இறக்கத்தின் நடுவில் கூட அது நடக்கலாம். இந்தச் சேர்க்கையை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள்.

மாறாக, நெடு இழுப்பு லிவரைக் குறை இழுப்பு காலிப்பரோடு சேர்த்தால் கதை தலைகீழ். லிவர் கொஞ்சம் நகர்ந்ததுமே பேட் ரோட்டாரைத் தொட்டுவிடும். கையில் கல் போல உறுதியாக இருக்கும், பிரேக் பிரமாதம் என்று தோன்றும். ஆனால் ஒயரில் வரும் விசை பாதிதான் என்பதால் கவ்வும் பலமும் பாதிதான். நிறுத்திய வண்டியில் லிவரை அழுத்திப் பார்த்து முடிவு செய்பவர்கள் இதில் எளிதாக ஏமாந்துபோவார்கள்.

உங்கள் லிவர் எந்த வகை என்று தெரியவில்லையா? அது முதலில் எந்தப் பிரேக்கோடு வந்தது என்று பாருங்கள். வி-பிரேக்கோடு வந்திருந்தால் நெடு இழுப்பு. ரோட் சைக்கிளின் ரிம் காலிப்பரோடோ கான்டிலிவரோடோ வந்திருந்தால் குறை இழுப்பு. விதிவிலக்குகளும் உண்டு: டெக்ட்ரோ ஆர்எல்520 வளைந்த ஹேண்டில்பாருக்கான லிவர்தான், ஆனாலும் நெடு இழுப்பு. சில நேர் ஹேண்டில்பார் லிவர்களில் ஒயர் மாட்டும் இடத்தை நகர்த்தி இரண்டு வகைக்கும் மாற்றிக்கொள்ள ஏற்பாடு இருக்கும். அப்புறம், ஷிமானோவின் புதிய தலைமுறை ரோட் லிவர்கள் பழையவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். அவற்றைக் குறை இழுப்பு காலிப்பரோடு தாராளமாகச் சேர்க்கலாம்.

இந்த ரோட் லிவர் விவகாரத்துக்குப் பின்னால் கொஞ்சம் வரலாறு இருக்கிறது. சர்வதேச சைக்கிள் ஓட்டச் சம்மேளனமான யுசிஐ 2010இல் சைக்ளோகிராஸ் (சேறும் தடைகளும் உள்ள தடத்தில் நடக்கும்) பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை அனுமதித்தது. அப்போது வளைந்த ஹேண்டில்பாருக்கான, கியரும் பிரேக்கும் சேர்ந்த லிவர்கள் பிரேக் ஒயரை இழுப்பவையாகவே இருந்தன. ஹைட்ராலிக் வகை பின்னால்தான் வந்தது. அந்த இடைவெளியை நிரப்பியவை குறை இழுப்பு மெக்கானிக்கல் காலிப்பர்கள். இன்றும் அந்தக் குடும்பத்தில் தேர்வுகள் நிறைய இருப்பதற்கு இது ஒரு காரணம்.

## உறை: எல்லாரும் மறந்துவிடும் பாகம்

ஒயருக்கு மேலே இருக்கும் கறுப்பு உறையை வெறும் பாதுகாப்புக் குழாய் என்று நினைக்கிறோம். உண்மையில் பிரேக்கின் பாதி வேலை அதனுடையது. ஒயர் ஒரு பக்கம் எவ்வளவு இழுக்கிறதோ, உறை அதே அளவு எதிர்ப்பக்கம் தாங்கி நிற்க வேண்டும். உறை நசுங்கினால் அந்த அளவு இழுப்பு காலிப்பரைச் சென்று சேராது.

சாதாரண பிரேக் உறையின் ஒரு துண்டை எடுத்து மேல் பிளாஸ்டிக்கைக் கத்தியால் உரித்துப் பாருங்கள். உள்ளே தட்டையான கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும், ஸ்பிரிங் போல. சுற்றுகளுக்கு நடுவில் நகம் கூட நுழையாது, ஆனாலும் மெல்லிய இடைவெளிகள் உண்டு. லிவரை அழுத்தும்போது அத்தனை இடைவெளிகளும் கொஞ்சம் கொஞ்சமாக மூடுகின்றன. உறை எவ்வளவு நீளமோ அவ்வளவு சுற்றுகள், அவ்வளவு நசுக்கம். முன் பிரேக் உறை சின்னது, பின் பிரேக் உறை அதைவிடப் பல மடங்கு நீளம். பின் பிரேக் மட்டும் எப்போதும் பஞ்சாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

இதற்கு மருந்து, நசுங்காத பிரேக் உறை. அதில் கம்பிகள் சுற்றாமல் நீளவாக்கில் ஓடும், அவற்றைச் சுற்றி உறுதியான இழை பின்னியிருக்கும். நீளவாக்கில் நிற்கும் கம்பி தூண் போலத் தாங்கும். ஜாக்வயர், யோகோசுனா போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. என் கணிப்பில், சுமாரான காலிப்பரோடு நசுங்காத உறை போட்ட பிரேக், உயர்ந்த காலிப்பரோடு சாதாரண உறை போட்ட பிரேக்கை பின் சக்கரத்தில் தோற்கடித்துவிடும். கையில் இருக்கும் பணத்தில் ஒன்றுதான் முடியும் என்றால் முதலில் உறையை மாற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கியர் ஒயரின் உறையிலும் கம்பிகள் நீளவாக்கில்தான் ஓடும், அதுவும் நசுங்காது. ஆனால் அதைப் பிரேக்குக்குப் போடவே கூடாது. பிரேக்கின் இழுப்பு கியரின் இழுப்பைவிடப் பல மடங்கு அதிகம். அந்தக் கம்பிகளைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் வலுவான இழை கியர் உறையில் கிடையாது. அவசரமாகப் பிரேக் பிடிக்கும் நொடியில் உறை வெடித்துக் கம்பிகள் விசிறி போல விரிந்துவிடும், பிரேக்கே இல்லாமல் போகும். பிரேக்குக்கு என்று குறிப்பிட்டு விற்கப்படும் உறையை மட்டும் வாங்குங்கள்.

உறையை வெட்டும் விதத்திலும் கவனம் தேவை. கூரான வெட்டியால் வெட்டி, முனையை அரம் வைத்துத் தட்டையாகத் தேய்த்து, உள்ளே அடைந்த ஓட்டையை ஊசியால் திறந்து, மூடியை மாட்ட வேண்டும். முனை சாய்வாக இருந்தால் மூடிக்குள் அது சரியாக உட்காராது. ஒவ்வொரு அழுத்தத்திலும் அங்கே கொஞ்சம் இழுப்பு வீணாகும். புது ஒயர் சில நாளில் நீண்டுவிட்டது என்று சொல்வோமே, பெரும்பாலும் ஒயர் நீள்வதில்லை. உறையின் முனைகள் தங்கள் இடத்தில் அழுந்தி உட்கார்வதுதான் அது.

நசுங்காத உறைக்குக் கூர்மையான வளைவுகள் பிடிக்காது. பாதையை அகலமான வளைவுகளாக அமைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஒயர் 1.5 அல்லது 1.6 மி.மீ. தடிமன் உள்ள, வழவழப்பான ஸ்டெயின்லெஸ் எஃகு ஒயராக இருக்கட்டும். ஒயரின் தலை ரோட் லிவருக்குப் பேரிக்காய் வடிவத்திலும், நேர் ஹேண்டில்பார் லிவருக்கு உருளை வடிவத்திலும் வரும்.

## காலிப்பர்: ஒரு பக்கமா, இரண்டு பக்கமா

சரி, இப்போது காலிப்பருக்கு வரலாம்.

பழைய, எளிய அமைப்பில் வெளிப்பக்கப் பேட் மட்டும்தான் நகரும். அது ரோட்டாரைத் தள்ளி, லேசாக வளைத்து, சும்மா நிற்கும் உட்பக்கப் பேடோடு சேர்த்து அழுத்தும். மெல்லிய எஃகு என்பதால் ரோட்டார் வளைந்து மறுபடி நேராகிவிடும். கேட்பதற்குக் குறை போலத் தோன்றினாலும், நிற்கும் பேடை ரோட்டாருக்கு மிக அருகில் வைத்திருக்கும் வரை இந்த அமைப்பு நன்றாகவே வேலை செய்கிறது. பிபி7 இந்த வகைதான், பல வருடங்களாக நெடும்பயணக்காரர்களின் நம்பிக்கையைப் பெற்றது.

இரண்டு பக்கமும் நகரும் காலிப்பரில், ஸ்பையர், ஸ்பைக் போல, ஒரே இழுப்பில் இரண்டு பேடும் நடுவை நோக்கி வரும். ரோட்டார் வளைவதில்லை. பொருத்துவதும் எளிது, பேடும் சமமாகத் தேயும்.

ஆனால் நான் இதைவிட முக்கியமாகப் பார்ப்பது இன்னொன்று: பேடின் தேய்மானத்தை ஈடுகட்டும் ஏற்பாடு. ஹைட்ராலிக் பிரேக் பேட் தேயத் தேயத் தானே சரிசெய்துகொள்ளும். மெக்கானிக்கல் செய்யாது. நாம்தான் பேடை உள்ளே திருகி நகர்த்த வேண்டும். அந்தத் திருகு இரண்டு பக்கப் பேடுக்கும் தனித்தனியாக இருக்கிறதா, கையாலேயே திருப்ப முடிகிறதா, ஸ்போக்குகளுக்கு நடுவில் அலன் கீயை நுழைக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அவிட் பிபி5இல் உட்பக்கப் பேடுக்கு மட்டும்தான் திருகு உண்டு. பிபி7இல் இரண்டு பக்கமும் சிவப்புக் குமிழ் உண்டு, எந்தக் கருவியும் இல்லாமல் திருப்பலாம். பார்ப்பதற்குச் சின்ன வித்தியாசம், ஒரு வருடம் ஓட்டினால் பெரிய வித்தியாசம். ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தாலும் இரண்டு குமிழும் உள்ள காலிப்பரையே, திருகு சரியில்லாத இரு பக்கக் காலிப்பரைவிட நான் தேர்ந்தெடுப்பேன்.

பேடின் வடிவத்தையும் பாருங்கள். ஒவ்வொரு காலிப்பருக்கும் ஒரு வடிவம். கிளாம்பர் பிபி7 பேடையே ஏற்கும், பிபி5 பேடு பிபி7இல் சேராது. எளிதில் கிடைக்கும் வடிவத்தை ஏற்கும் காலிப்பர் வாங்கினால் பின்னால் தேடி அலைய வேண்டியதில்லை.

## பொருத்தும் இடம்

உங்கள் ஃபிரேமும் ஃபோர்க்கும் மூன்றில் ஒரு முறையில் இருக்கும்.

1. ஐஎஸ் (இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்ட்): திருகுமரை இல்லாத இரண்டு ஓட்டைகள், 51 மி.மீ. இடைவெளி, போல்ட் சக்கர அச்சுக்கு இணையாகப் போகும். இதற்கு இடையில் ஒரு அடாப்டர் தேவை.
2. போஸ்ட் மவுண்ட்: திருகுமரை உள்ள இரண்டு மேடுகள், 74 மி.மீ. இடைவெளி.
3. ஃபிளாட் மவுண்ட்: ரோட் சைக்கிள்களுக்காக 2014இல் ஷிமானோ கொண்டுவந்தது. காலிப்பர் ஃபிரேமின் மேல் படுத்திருக்கும்.

ஐஎஸ்ஸிலிருந்து போஸ்ட்டுக்கு அடாப்டர் தாராளமாகக் கிடைக்கும். ஃபிளாட் மவுண்ட் ஃபிரேமுக்கு ஃபிளாட் மவுண்ட் காலிப்பரையே வாங்கிவிடுங்கள், குழப்பம் இல்லை.

டிஸ்க் பொருத்த இடமே இல்லாத பழைய ஃபிரேமில் கிளாம்ப் போட்டு மாட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். டிஸ்க் பிரேக்கின் விசை முழுவதும் ஃபோர்க்கின் ஒரே கால் மேல், அதுவும் அடிப்பகுதியில் விழுகிறது. அதைத் தாங்கும்படி வடிவமைக்காத ஃபோர்க் அந்தச் சுமையில் வளையலாம், முறியலாம்.

## ரோட்டார் அளவும் வெப்பமும்

ரோட்டார்கள் 140, 160, 180, 203 மி.மீ. விட்டங்களில் பரவலாகக் கிடைக்கின்றன. 160இலிருந்து 180க்குப் போனால் அதே கவ்வலுக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடிப்பு கிடைக்கும். ஆனால் பெரிய ரோட்டாரின் உண்மையான பலன் வெப்பத்தில்தான் தெரியும்.

ஒரு கணக்கு. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வையுங்கள். மணிக்கு 36 கி.மீ. வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தினால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 4,500 ஜூல். அதே ஆள் 100 மீட்டர் உயரத்திலிருந்து மெதுவாக, பிரேக் பிடித்தபடியே இறங்கினால் 88,000 ஜூலுக்கு மேல் வெளியாகும். காற்று கொஞ்சத்தை எடுத்துக்கொண்டாலும் மீதி பிரேக்கில்தான் வெப்பமாகச் சேரும். அதாவது ஒரு 100 மீட்டர் இறக்கம், இருபது முறை சடாரென்று நிறுத்துவதற்கு ஏறக்குறைய சமம். சமதரையில் ஓட்டுபவருக்கு 160 போதும். மலைப்பாதையில் சுமையோடு இறங்குபவருக்கு முன்னால் 180 தேவை. முன்னால் என்று சொல்வதற்குக் காரணம், பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்தின் மேல் சாய்வதால் வேலையில் பெரும்பகுதியை அதுதான் செய்கிறது.

பெரிய ரோட்டார் வாங்கும் முன், ஃபோர்க்கும் ஃபிரேமும் எந்த அளவு வரை அனுமதிக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹப்பில் மாட்டும் முறை இரண்டு: ஆறு போல்ட் அல்லது சென்டர்லாக் (நடுவில் பற்களில் பொருத்தி ஒரே வளையத்தால் இறுக்குவது). உங்கள் ஹப் எதுவோ அதுவே உங்கள் ரோட்டார்.

## பேட்

உராய்வுப் பொருளைப் பிசினால் இணைத்துச் செய்யும் ரெசின் பேட் சத்தம் குறைவு, குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்கும், ரோட்டாரையும் அதிகம் தேய்க்காது. ஆனால் ஈரத்திலும் சேற்றிலும் சீக்கிரம் கரையும், அதிக வெப்பத்தில் பிடிப்பு குறையும். உலோகத் துகளைச் சுட்டுச் செய்யும் சின்டர்டு பேட் நீண்ட நாள் உழைக்கும், வெப்பம் தாங்கும், ஆனால் சத்தம் போடும். மெக்கானிக்கல் டிஸ்க்கில் கவ்வும் பலம் கொஞ்சம் குறைவு என்பதால், அன்றாட ஓட்டத்துக்கு முதல் கடியிலேயே நன்றாகப் பிடிக்கும் ரெசின்தான் என் பரிந்துரை. மழையும் மலையும் சேர்ந்த பாதை என்றால் சின்டர்டு.

விலை குறைந்த சில ரோட்டார்களின் மேல் ரெசின் பேட் மட்டும் என்று பொறித்திருக்கும். அதில் சின்டர்டு போட்டால் ரோட்டார் வேகமாகத் தேய்ந்துவிடும். வாங்கும் முன் ரோட்டாரின் மேல் இருக்கும் எழுத்துகளை ஒரு முறை படித்துவிடுங்கள்.

## பொருத்திச் சரிசெய்வது

1. சக்கரம் ஃபோர்க்கில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். குவிக் ரிலீஸ் (சிறு நெம்புகோலை மடக்கி அச்சை இறுக்கும் ஏற்பாடு) வைத்த ஃபோர்க்கில் இது உயிர் காக்கும் விஷயம். முன் டிஸ்க் பிடிக்கும்போது பிறக்கும் விசை அச்சை ஃபோர்க்கின் பிளவிலிருந்து கீழே தள்ளப் பார்க்கும். அந்த நெம்புகோலை உள்ளங்கையில் தடம் பதியும் அளவு இறுக்கி மூடுங்கள். த்ரூ ஆக்ஸில் (ஃபோர்க்கின் ஓட்டைகளுக்குள் ஊடுருவிப் போகும் அச்சு) உள்ள சைக்கிளில் இந்தக் கவலை இல்லை.

2. காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்துங்கள். ஒரு வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து, மேலிருந்து பேடுகளுக்கு நடுவே பாருங்கள். ரோட்டாரின் இரண்டு பக்கமும் வெளிச்சக் கோடு தெரிய வேண்டும். இரண்டு பக்கக் காலிப்பரில் அந்தக் கோடுகள் சமமாக இருக்கட்டும். ஒரு பக்கக் காலிப்பரில் நிற்கும் பேட் பக்கம் கோடு மயிரிழை போல இருந்தால் போதும், நகரும் பேட் பக்கம் அதைவிட அகலமாக இருக்கலாம்.

3. போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறி இறுக்குங்கள். ஒன்றை ஒரேயடியாக இறுக்கினால் காலிப்பர் சுழன்று நகர்ந்துவிடும்.

4. ஒயரை மாட்டும்போது காலிப்பரின் கரம் முழுதாகத் திறந்த நிலையில் இருக்க வேண்டும். ஒயரை இறுக்கி, கரத்தைப் பாதி வழி கொண்டுவந்து வைத்துவிட்டு, லிவர் நன்றாக இருக்கிறது என்று திருப்திப்படாதீர்கள். அப்படிச் செய்தால் கரத்தின் பயணத்தில் பாதி முன்கூட்டியே செலவாகிவிட்டது. பேட் தேய்ந்ததும் கரம் தன் எல்லையை முட்டி நின்றுவிடும், லிவரை எவ்வளவு இழுத்தாலும் பேட் நகராது.

நாலாவது விஷயத்தை மறுபடி அழுத்திச் சொல்கிறேன். பேட் தேய்ந்து லிவர் தாழும்போது, உறை முடியும் இடத்தில் இருக்கும் திருகைத் திருப்பி ஒயரை இறுக்குவது ரிம் பிரேக் காலத்துப் பழக்கம். டிஸ்க்கில் பேடின் குமிழைத் திருப்பிப் பேடை உள்ளே கொண்டுவருவதுதான் முறை. ஒயர்த் திருகு நுணுக்கத்துக்கு மட்டும்.

ஒரு பக்கக் காலிப்பரில் நிற்கும் பேடையும் மறக்காமல் உள்ளே திருப்ப வேண்டும். அது தேய்ந்து பின்வாங்கினால் ரோட்டார் ஒவ்வொரு முறையும் அதிகமாக வளைய வேண்டியிருக்கும், கடைசியில் காலிப்பரின் உடம்பையே உரசும்.

புது பேடும் ரோட்டாரும் முதல் நாளே முழுப் பிடிப்பு தராது. பேடின் பொருள் மெல்லிய படலமாக ரோட்டாரில் ஏற வேண்டும். வெறிச்சோடிய இடத்தில் மிதமான வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், பத்து இருபது முறை உறுதியாகப் பிரேக் பிடியுங்கள். பிடிப்பு கூடிக்கொண்டே போவது விரலில் தெரியும். அதற்கு முன்பே பிரேக் சரியில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சங்கிலிக்கு எண்ணெய் தெளிக்கும்போது ஒரு துளி ரோட்டாரில் பட்டால் பேட் அதைக் குடித்துவிடும், அப்புறம் கீச்சென்ற சத்தமும் வழுக்கலும்தான். ரோட்டாரை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் துடைக்கலாம். எண்ணெய் ஊறிய பேடை மாற்றிவிடுவதே நல்லது. பேடின் உராய்வுப் பொருள் அரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டாலும், 1.8 மி.மீ. ரோட்டார் 1.5 மி.மீ.க்கு மெலிந்துவிட்டாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

## யாருக்கு மெக்கானிக்கல், யாருக்கு ஹைட்ராலிக்

ஊர் ஊராகச் சுமையோடு போகிறவர், தன் வண்டியைத் தானே பழுதுபார்க்க விரும்புபவர், கையில் இருக்கும் ஒயர் லிவர்களை வைத்துக்கொண்டு டிஸ்க்குக்கு மாற நினைப்பவர், இவர்களுக்கு மெக்கானிக்கல் மிகவும் பொருத்தம். ஒயர் அறுந்தால் பையில் இருக்கும் இன்னொரு ஒயரைப் போட்டு அங்கேயே கிளம்பலாம். எண்ணெய், காற்றுக் குமிழி என்ற தொல்லை இல்லை.

விரலில் பலம் குறைந்தவர்கள், கைமூட்டு வலி உள்ளவர்கள், கரடுமுரடான மலைத்தடங்களில் ஒரே விரலால் நெடுநேரம் பிரேக் பிடிக்க வேண்டியவர்கள், கனமான மின் உதவிச் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஹைட்ராலிக்கைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. மின் உதவிச் சைக்கிளில் எதை மாற்றினாலும், பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் லிவரில் இருக்கிறதா, புது லிவரிலும் அது இருக்குமா என்று பார்க்க வேண்டும்.

நேர் ஹேண்டில்பார் சைக்கிளில் ஹைட்ராலிக்குக்கு மாறுவது பெரிய வேலை இல்லை. லிவரும் காலிப்பரும் குழாயோடு சேர்ந்தே வரும், கியர் லிவர் தனியாக இருந்தால் அதைத் தொட வேண்டாம். வளைந்த ஹேண்டில்பாரில் கியரும் பிரேக்கும் ஒரே லிவரில் இருப்பதால் அந்த முழு லிவரையும் மாற்ற வேண்டி வரும், செலவு அங்கேதான். அந்த இடத்தில் நிற்பவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. டிஆர்பியின் ஹைரோட் போன்ற காலிப்பர்களில் லிவரிலிருந்து காலிப்பர் வரை ஒயர் வரும், காலிப்பருக்குள் எண்ணெய் அழுத்தும். லிவரை மாற்றாமலே கூடுதல் கவ்வல் கிடைக்கும். ஆனால் அதற்கும் ஒயர்தான் வழி என்பதால், அதை வாங்கும்போதும் கூடவே பின் சக்கரத்துக்கு நசுங்காத உறை ஒன்று வாங்கிவிடுங்கள்.